இரைப்பும் வீசிங்கும்: ஒரு குழந்தை நோயின் பெயர்வரலாறும் பெற்றோர் மனநிலையும்

நோய்ப்பெயர் நோயை மட்டும் சுட்டி அமைவதன்று. அந்நோய் எதனால் வந்தது, யார் குற்றத்தால் வந்தது, எத்துணை நாள் நிற்கும், பிறரிடம் சொல்லத்தக்கதா மறைக்கத்தக்கதா என்பனவற்றையும் அப்பெயர் உடன் சுமந்து நிற்கும். மரப்பெயர், ஊர்ப்பெயர், மக்கட்பெயர் பற்றித் தமிழில் விரிந்த ஆராய்ச்சிகள் உள. நோய்ப்பெயர்கள் அவ்வளவு கருத்தைப் பெற்றதாகத் தோன்றவில்லை. ஈண்டு, இளங்குழந்தைகட்கு வரும் மூச்சிரைப்பு நோய் ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழில் வழங்கிய பெயர்களையும் இன்று வழங்கும் பெயர்களையும், அவற்றின் வழியே பெற்றோர் கொண்ட அறிவையும் அச்சத்தையும் ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் நின்றது ஒரு மறுப்பு. இன்றைத் தமிழ்நாட்டில் தாய் ஒருத்தி, தன் மூன்று வயது மகனுக்கு ‘வீசிங்’ இருப்பதாக அண்டை வீட்டாரிடமும் பள்ளி ஆசிரியையிடமும் தயங்காது சொல்வாள். அதனையே மருத்துவர் ‘ஆஸ்துமா’ என்று கூறின், “ஆஸ்துமா எல்லாம் இல்லைங்க டாக்டர், வீசிங் மட்டுந்தான்” என விரைந்து மறுப்பாள். குழந்தை பெண்ணாயின் மறுப்பு இன்னும் வலுக்கும். பதினைந்து இருபது ஆண்டுகட்குப் பின் வரவிருக்கும் திருமணப் பேச்சு அப்போதே அவள் கண்முன் வந்து நிற்கும். இம்மறுப்பு சொல்லளவில் நின்றால் கவலையில்லை. ஆஸ்துமா என ஒப்பாத வீட்டில், நாள்தோறும் தரவேண்டிய தடுப்பு மருந்து தொடர்வதில்லை. இரைக்கும்போது மருந்து தரப்படும். இரைப்பு அடங்கியதும் மருந்தும் அடங்கும். மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள அழற்சியோ அடங்காது நிற்கும். எனவே ஒரு சொல்லை ஏற்பதும் தள்ளுவதும் குழந்தையின் மூச்சோடு தொடர்புற்று விடுகின்றன.

இனிப் பெயர்களை நோக்குவோம். ‘இரைப்பு’ என்பது இரைதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கடல் இரையும், வண்டு இரையும், ஓடிக் களைத்தவன் நெஞ்சும் இரையும். ஆதலின் இப்பெயர் நோயின் காரணத்தையன்றி அதன் ஓசையையே சுட்டுகின்றது. நோயைக் காதாற் கேட்டுப் பெயரிட்டவன் அருகிலிருந்து கேட்டவனாதல் வேண்டும். இரவில் குழந்தையை நெஞ்சோடணைத்துக் கிடந்த தாயே அவ்வாறு கேட்டிருத்தல் கூடும் என்று எண்ணுவதில் தவறில்லை. இன்றும் தாய்மார் மருத்துவரிடம் சொல்லும்போது, “நெஞ்சுக்குள்ளே பூனை கத்துற மாதிரி இருக்கு” என்றே சொல்கின்றனர்.

‘இளைப்பு’ என்பது ஒலியால் நெருங்கியதாயினும் பொருளால் வேறு. இளைத்தல் களைத்தலையும் மெலிதலையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இரைப்பும் இளைப்பும் ஒன்றாய்க் கலந்துவிட்டமையால், மூச்சு வாங்கும் குழந்தை மெலிந்து தேயும் குழந்தையாகவும் எண்ணப்படலாயிற்று. உடலை உருக்கும் கயநோயின் சாயல் இந்நோய்மேற் படிந்தமைக்கு இக்கலப்பும் ஒரு வாயில் எனலாம்.

‘இழுப்பு’ என்பது மூச்சை உள்ளிழுக்கும் முயற்சியைச் சுட்டுவது. விலாவெலும்புகட்கு இடையே தோல் உள்வாங்குவதைக் கண்டு இட்ட பெயர். எனினும் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு நோய்க்கும் இப்பெயரே வழங்குகின்றது. “குழந்தைக்கு ராத்திரி இழுத்தது” என்று சொல்லும் தாயிடம், இழுத்தது நெஞ்சா கைகாலா என்று மருத்துவர் மறுபடியும் கேட்டே தீர வேண்டியுள்ளது. ஈழத்தில் இந்நோய்க்குத் ‘தொய்வு’ என்றும் ‘முட்டு’ என்றும் பெயர். தொய்தல் தளர்தல், முட்டு மூச்சு முட்டுதல். ஒன்று நோயுற்றவரின் சோர்வைக் காட்டுகின்றது. மற்றது அவர் உணரும் தடையைக் காட்டுகின்றது. புறத்தே நின்று கேட்ட ஓசையால் வந்த பெயர் இரைப்பு. அகத்தே நின்று உணர்ந்த துன்பத்தால் வந்த பெயர் முட்டு. பேசவறியாத குழந்தைக்கு முதற்பெயரும், பேசவறிந்த பெரியோர்க்கு இரண்டாம் பெயரும் பொருந்தும் என்று தோன்றுகின்றது, இதனை வற்புறுத்தவில்லை.

‘ஈளை’ என்பது கோழையையும், கோழையால் வரும் நோயையும் ஒருங்கே சுட்டும். இக்காலத்தே ஆஸ்துமாவுக்கு நேர்சொல்லாக ‘ஈளை நோய்’ என்பதைச் சிலர் எழுதுகின்றனர்; ‘ஈழை’ என ழகரமிட்டு எழுதுவாரும் உளர். அகராதிகளிற் பயின்ற வடிவம் ளகரம் பெற்றதே. வடிவம் எதுவாயினும், எந்தத் தாயும் தன் குழந்தைக்கு ஈளை நோய் என்று சொல்லக் கேட்பது அரிது.

இச்சொற்கள் அனைத்தினும் பெற்றோர் மனத்தை மிகுதியும் கலக்கியது ‘காசம்’ என்னும் வடசொல்லே. வடமொழியில் காசம் என்பது இருமல். சுவாசம் என்பது மூச்சும் மூச்சிரைப்பும். க்ஷயம் என்பது தேய்தல், அஃதாவது உடல் உருக்கும் நோய். மூன்றும் தனித்தனி நோய்கள். சரக சங்கிதை சுவாச நோயை ஐந்தாக வகுத்து, இன்றைய ஆஸ்துமாவை ஒத்த ஒன்றனைத் ‘தமக சுவாசம்’ எனப் பெயரிட்டுள்ளது. சித்த மருத்துவரும் இரைப்பு நோயை வளி இரைப்பு, ஐய இரைப்பு, ஐயவளி இரைப்பு, முக்குற்ற இரைப்பு, மேல்நோக்கு இரைப்பு என ஐந்தாகவே வகுப்பர். ஆயினும் தமிழ் மருத்துவ வழக்கில் இரைப்பைச் ‘சுவாசகாசம்’ என்றும் ‘மந்தார காசம்’ என்றும் காசத்தின் வகைகளாக எண்ணும் மரபும் வேரூன்றியது. பிற்காலத்தே க்ஷயரோகத்திற்குக் ‘காசநோய்’ என்னும் பெயர் நிலைத்து, அரசின் விளம்பரங்களிலும் அதுவே எழுதப்பட்டது. விளைவு யாதெனின், குழந்தையின் மூச்சிரைப்புக்கும் தொற்றிப் பரவும் கொடுநோய்க்கும் ஒரே சொல் பொதுவாயிற்று. சுவாசகாசம் என்று கேட்ட பெற்றோர் முன்பகுதியை விட்டுப் பின்பகுதியையே பற்றிக்கொண்டனர். மருத்துவர் எத்துணை விளக்கினும், தனித்தட்டும் தனிக்குவளையும் வைக்கும் வீடுகள் இருந்தமைக்கு இப்பெயர்ப் பொதுமையும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

குழந்தை மருத்துவத்தைப் பொருளாகக் கொண்ட பாலவாகட நூல்கள் குழந்தை நோய்களை அகக்காரணத்தால் வருவன, புறக்காரணத்தால் வருவன எனப் பிரிக்கும். மாந்தமும் கணமும் முன்னதன்பாற் படும். பட்சி தோடம் முதலியன பின்னதன்பாற் படும். இப்பகுப்பிற் பெற்றோர் நிற்கும் இடத்தைக் காணல் வேண்டும். மாந்தம் பாலாலும் உணவாலும் வருவது, பால் தாயினுடையது. ஆகவே, குழந்தைக்குச் சளி கட்டினால் தாய் தயிரை விடுவாள், தலைமுழுக்கை நிறுத்துவாள், குழந்தைக்கு நோய், தாய்க்குப் பத்தியம். இம்முறையில் அன்பும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு. நோய் வந்தபோது, “நீ என்ன தின்றாய்?” என்பதே மாமியார் கேட்கும் முதற்கேள்வி. தந்தையின் பீடி இக்கேள்வியினின்றும் தப்பிவிடுகின்றது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கமும் தப்பிவிடுகின்றது. இன்றைய மருத்துவம் புகையிலைப் புகையையும் வீட்டுப் புகையையும் இரைப்பைத் தூண்டுவனவாகக் காண்கின்றது. வாழைப்பழத்தையும் தயிரையும் அத்தகைய பொதுக்காரணங்களாகக் காண்பதில்லை.

தாயைக் குற்றவாளியாக்குதல் நம் நாட்டு மடமை என்று எவரும் எண்ணிவிடலாகாது. மேல்நாட்டு மருத்துவமும் அதனையே வேறொரு நடையிற் செய்தது. 1940களில் சிகாகோவில் உளப்பகுப்பாய்வு நடத்திய பிரான்ஸ் அலெக்சாண்டர் முதலியோர், இரைப்பு என்பது தாயை நோக்கி எழுந்து அடக்கப்பட்ட அழுகை என்று விளக்கினர். நியூயார்க்கு நகரத்துக் குழந்தை மருத்துவர் மரே பெஷ்கின், வீட்டில் எம்மருந்துக்கும் அடங்காத குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்தவுடன் நலம்பெறுவதைக் கண்டு, அப்பிரிவையே மருத்துவமாக்கினார். உறுப்பை அறுத்து நீக்கும் அறுவை முறைகளின் பெயர்களைப் போலவே அதற்கும் ஒரு பெயர் புனையப்பட்டது. தமிழில் அதனைப் ‘பெற்றோரறுவை’ எனலாம். அமெரிக்காவில் டென்வர் நகரில், காசநோயுற்றோரின் குழந்தைகட்கென 1907இல் தோன்றிய இல்லம் ஒன்று, பின்னர் இரைப்புக் குழந்தைகளின் இல்லமாக மாறி, இம்முறையின் நிலைக்களமாயிற்று. குழந்தைகள் ஓராண்டு, ஈராண்டு அங்கே தங்கினர். குழந்தை தேறியது என்னும் செய்தி தாய்க்கு மகிழ்ச்சியாகவும் தண்டனையாகவும் ஒருங்கே வந்திருக்கும்.

ஆயின் குழந்தை தேறியது எதனால்? டென்வர் கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றுடைய நகர். 1964ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் லெய்டன் ஆராய்ச்சியாளர், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத உண்ணிகளே தூசி ஒவ்வாமைக்குத் தலையாய காரணம் என்று காட்டினர். அவ்வுண்ணிகள் ஈரமின்றி வாழா. குழந்தை டென்வருக்குச் சென்றபோது பின்னே விடப்பட்டவர் பெற்றோர் மட்டுமல்லர். பழைய மெத்தையும் தலையணையும் அவற்றிற் குடியிருந்த உண்ணிகளுமே. 1966இல் கிமிஷிகே இஷிசாக்காவும் அவர் மனைவி டெருக்கோவும், ஒவ்வாமைக்கு அடிப்படையான இம்யூனோகுளோபுலின்-இ என்னும் பொருளை இரத்தத்திற் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்த இடம் அதே டென்வர் நிலையம். தாயின் மனத்திலே தேடிய காரணத்தின் ஒரு பெருங்கூறு குழந்தையின் இரத்தத்திலே, அதே கூரையின்கீழ்க் கிடைத்தது.

1969இல் வெளிவந்த பர்சல் என்பாரின் ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. அவர் குழந்தையை அகற்றவில்லை, குடும்பத்தை அகற்றினார். இருபத்தைந்து குழந்தைகளைத் தம் வீட்டிலேயே, அதே தூசியிலேயே மாற்றுத்தாய் ஒருத்தியோடு இருக்கச் செய்து, ஏனையோரை இரண்டு வாரம் விடுதியில் தங்கவைத்தார். மனவெழுச்சியால் தூண்டப்படுவோர் என முன்னரே கருதப்பட்ட குழந்தைகட்கு இரைப்புக் குறைந்தது. மற்றையோர்க்குப் பெரிதும் மாறவில்லை. மனமும் ஒரு தூண்டுதலாகலாம். அனைவர்க்கும் அதுவே காரணம் என்பது பெறப்படவில்லை.

டென்வரிற் குழந்தைகளை வீட்டினின்றும் பிரித்துக்கொண்டிருந்த அதே காலத்திற் சென்னையில் நேர்மாறான ஓர் ஆய்வு நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளரை விடுதியில் வைத்து மருந்து தருவதற்கும், நெருக்கமான ஏழை வீடுகளிலேயே வைத்துத் தருவதற்கும் பயனில் வேறுபாடு மிகுதியில்லை என்பதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. வீட்டிலிருந்த உறவினர்க்கும் அதனால் தொற்று மிகவில்லை. காசநோய் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கத்தக்க நோயாயிற்று. அச்சம் குறைந்தது நன்மையே. இதன் பின்விளைவாகவோ பிறவாற்றானோ, தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுவே ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்னும் பெயரின் பரவல்.

இது நுரையீரலிற் காசநோய்க் கிருமி முதன்முதல் தங்கும் புள்ளியையும் அதனைச் சார்ந்த நெறிக்கட்டியையும் சேர்த்துக் குறிக்கும் நோய்க்கூற்றுச் சொல். மருத்துவக் கல்லூரிகளிற் பயிலும் சொல் இது. தமிழ்நாட்டிலோ சிற்றூர்ப் பாட்டியும் அறிவாள். எடை ஏறாத, அடிக்கடி இருமும், இரவில் இரைக்கும் குழந்தைக்கெல்லாம் இப்பெயர் சூட்டப்பட்டு, ஆறு மாதம், ஒன்பது மாதம் காசநோய் மருந்து கொடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவருள் உண்மையிலேயே காசநோயுற்றோரும் இருந்தனர். இரைப்பு நோயுற்றோரும் பலர் இருந்தனர். குழந்தை மருத்துவர்களே இப்பெயரை வரையறையின்றி வழங்குவதைக் கண்டித்துள்ளனர். வியப்பு யாதெனின், காசநோய் என்றால் நடுங்கும் பெற்றோர் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றால் நடுங்கவில்லை. பெயர் ஆங்கிலம், நோய் குழந்தைக்குரியது, மருந்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. ஆஸ்துமாவுக்கோ முடிவு நாள் இல்லை. முடிவுள்ள பெருநோயை ஏற்பது முடிவில்லாத சிறுநோயை ஏற்பதினும் பெற்றோர்க்கு எளிதாயிற்று. பெற்றோரின் அறியாமையைப் பேசுவோர் இம்மனக்கணக்கைக் கண்டதாகத் தெரியவில்லை. அறியாமை வேறு, கணக்கு வேறு.

மருந்தைப் பற்றிய மனநிலையும் இத்தகையதே. இன்ஹேலர் என்றதும், “பழகிவிடும், பிறகு விடமுடியாது” என்பர், “கடைசி மருந்தை முதலிலேயே தரலாமா?” என்பர். சொட்டு மருந்து, டானிக் ஆகியவற்றை மென்மையானவை என்றும், வாயில் அழுத்தி உறிஞ்சுவதை வன்மையானது என்றும் கருதுவர். அளவு இக்கருத்துக்கு நேர்மாறு. சால்புட்டமால் என்னும் மருந்து, பரவலாக விற்கும் சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ளது; இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம் உள்ளது. ஒரு தேக்கரண்டி சிரப்பு இருபது அழுத்தத்திற்குச் சமம். சிரப்பு வயிற்றின் வழியே உடலெங்கும் பரவி நெஞ்சைப் படபடக்கச் செய்யும். மற்றது வேண்டுமிடத்திற்கே செல்லும். அதே மருந்தை நெபுலைசர் வழியே தரும்போது பெற்றோர் மறுப்பதில்லை. ஆவி பிடித்தல் நம் வீடுகளிற் பழகிய முறையாதலின், நெபுலைசர் அதன் உறவினர்போலத் தோன்றுகின்றது போலும்.

மருந்தை மூச்சோடு உட்கொள்ளும் முறை நமக்கு அயலானதன்று என்பதை இங்குக் குறித்தல் வேண்டும். ஊமத்தையைப் புகையாக உறிஞ்சி இரைப்பைத் தணிக்கும் வழக்கம் சென்னையில் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைத் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதனைப் போற்றினார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்பார் அம்மூலிகையையும் முறையையும் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே ஊமத்தையின் மற்றோரினம் கைக்கொள்ளப்பட்டு, நூற்றாண்டுக்கு மேலாக ‘ஆஸ்துமா சிகரெட்டு’ என விற்கப்பட்டது. ஊமத்தை நஞ்சு, இன்று எவரும் அதனைக் கையாளலாகாது. எனினும் அதனைச் சார்ந்த அட்ரோப்பின் வழிவந்த இப்ராட்ரோப்பியம் இன்றும் மருத்துவமனைகளில் உறிஞ்சு மருந்தாகத் தரப்படுகின்றது. அளவிட்டு அழுத்தும் இன்ஹேலரின் பிறப்பும் ஒரு குடும்பக் கதையே. அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனை இரைப்பு நோயுற்ற அவர் மகள், பதின்மூன்று வயதினள், கூந்தல் தெளிப்பானைப் போல என் மருந்தும் குப்பியில் வரலாகாதா என 1955இல் வினவினாள். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து உறிஞ்சு வடிவில் 1972இல் வந்தது. ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லின் அச்சம் தனிக்கட்டுரைக்குரியது.

மருந்தை அஞ்சிய பெற்றோர் மாற்று வழிகளை அஞ்சவில்லை. வௌவால் இறைச்சி இரைப்புக்கு நன்று என நம்பி ஊட்டினர். ஐதராபாத்தில் பத்தினி கௌடு குடும்பத்தார் ஆண்டுதோறும் சூன் மாதத்தில், மஞ்சள் நிற மருந்தை வாயிலடைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கக் கொடுப்பதற்குப் பல மாநிலத்தாரும் குழந்தைகளோடு சென்று வரிசையில் நின்றனர். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து மீனை விழுங்கச் செய்யும் தந்தையை மூடன் என்று சொல்லிவிடுதல் எளிது. நோய்க்கு முடிவு உண்டு என்று சொன்னவர் அவ்விடத்தாரே என்பதையும் மறத்தலாகாது.

பெற்றோர் கூற்றுகளுள் ஒன்றை மட்டும் மருத்துவர் முற்றிலும் தள்ளிவிட இயலாது. “வளர்ந்தால் போய்விடும்” என்பதே அது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கிய ஆய்வு, பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து நோக்கியது. 1995இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, மூன்று வயதுக்குள் இரைத்த குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரில் மூவர்க்கு ஆறு வயதில் இரைப்பு இல்லை. பாட்டியின் சொல் பெரும்பான்மைக்குப் பொருந்தியது. எஞ்சிய இருவர் யாவர் என்பதைப் பாட்டியும் முன்னறியாள். மருத்துவரும் உறுதியாகச் சொல்லார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கருவியில் ஊதிக் காட்ட அறியாதாதலின், மருத்துவரும் அவ்வயதில் ஆஸ்துமா என உறுதி கூறத் தயங்கி, ‘வீசிங்’ என்றே சீட்டில் எழுதுகின்றார். தாயின் மறுப்புக்கு அவர் கையெழுத்தே சான்றாகிவிடுகின்றது. தள்ளத்தக்கது பாட்டியின் சொல்லன்று, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு இன்றிரவு இரைக்கும் குழந்தைக்கு மருந்தை ஒத்திவைத்தலே.

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பு. ‘ஆஸ்துமா’ என்னும் கிரேக்கச் சொல் மூச்சு வாங்குதல் என்னும் பொருளது. ‘வீசிங்’ என்னும் ஆங்கிலச் சொல் மூச்சு ஓசையோடு வெளிவருதல் என்னும் பொருளது. அவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவது ‘இரைப்பு’. அங்ஙனமாகவும், தமிழ்த்தாய் கிரேக்கச் சொல்லை அஞ்சி ஆங்கிலச் சொல்லுக்கு ஓடுகின்றாள். இடையிற் கிடந்த தன் சொல்லை நோக்கினாள் அல்லள். 1990களில் உலகெங்கும் குழந்தைகளின் ஆஸ்துமாவைக் கணக்கிட்ட பன்னாட்டு ஆய்வு, சென்னையிலும் நடந்தது. அவ்வாய்வினர் ஆஸ்துமா உண்டா என்னும் வினாவோடு நில்லாது, நெஞ்சில் இரையும் ஓசையோ சீழ்க்கை ஓசையோ கேட்டதுண்டா என்றும் தனியே வினவினர். பல மொழிகளில் அவ்வோசைக்குச் சொல் இன்மையால், நோயுற்றோரின் படக்காட்சியைக் காட்டிக் கேட்கும் முறையும் வகுத்தனர். நம் மொழியில் அச்சொல் உண்டு. நாட்டுப்புற மருத்துவச் சொற்களைத் தொகுக்கும் முதுகலை மாணவர், எவ்வெவ்வூரில் இரைப்பு, எவ்வெவ்வூரில் இழுப்பு, முட்டு, தொய்வு என்பதோடு, எவ்வெவ்வூரில் எந்தச் சொல்லைத் தாய் தணிந்த குரலிற் சொல்கின்றாள் என்பதையும் குறித்து வருவாராயின், அத்தொகுப்பு மருத்துவமனை வாயிலிலும் பயன்படும்.